பாதியில் விழும் விரிசல்

ஜனவரி 8
மைனஸ் முப்பத்திரண்டு. ஏரிச் சாலையில் ஐந்து புது விரிசல்கள். எல்லாமே குறுக்காக, ஓரத்திலிருந்து ஓரம் வரை. அளந்தேன். ஒவ்வொன்றுக்கும் இடையே நாற்பது மீட்டர். டேப்பைச் சரியாகத்தான் பிடித்தேனா?
லாரி ஓட்டும் ஸ்டெஃப்கோ சிரித்தார். "யாரோ நூல் பிடிச்சு வெட்டின மாதிரி இருக்கும்மா."

ஜனவரி 11
விரிசல் விழுந்ததெல்லாம் சுண்ணாம்புக்கல் ஜல்லி போட்ட பகுதியில்தான். அதை ஒட்டிக் கருங்கல் ஜல்லி போட்ட இரண்டு கிலோமீட்டரில் ஒன்றுகூட இல்லை. அதே தார், அதே குளிர், அதே ஆட்கள்.
சுண்ணாம்புக்கல் வால்டியின் குவாரியிலிருந்து வந்தது. என் தங்கை லௌகாவின் கணவன். சோதித்துப் பார்த்து, 'போடலாம்' என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

ஜனவரி 14
இரண்டு விரிசலுக்கு நடுவே, சரியாகப் பாதியில், இன்னொன்று. எல்லா இடைவெளியிலும்.

ஜனவரி 15
சாலையில் துண்டு அறுத்து ஆய்வகத்தில் பார்த்தேன். விரிசல் கல்லைச் சுற்றிப் போகவில்லை. கல்லுக்குள்ளேயே புகுந்து போயிருக்கிறது, ரொட்டியைக் கத்தி அறுத்ததுபோல. கருங்கல் ஜல்லி போட்ட பகுதித் துண்டையும் உறைகுளிரில் வைத்து, விரிசல் விழும்வரை இழுத்தோம். அதில் விரிசல் ஒவ்வொரு கல்லிலும் முட்டி, வளைந்து, நின்றுவிட்டது.
காரணம் தெரிந்துவிட்டது. பிறகு ஏன் அந்தத் துண்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன்?

ஜனவரி 19, ஞாயிறு
லௌகா வீட்டில் சாப்பாடு. பிளம்ஸ் அடுக்குக் கேக்கை வெட்டிக்கொண்டே வால்டி கேட்டான்: "என்ன ரூனா, என் கல்லு மேல பழி போடப் போறியாமே? இந்தக் கோடையில முப்பது கிலோமீட்டர் ஆர்டர் இருக்கு. பதினாலு பேர் வேலை பாக்குறாங்க."
"கல்லு உடையுது, வால்டி."
"இந்தக் குளிர்ல எல்லாந்தான் உடையும். உன் மண்டைகூட."
லௌகா சிரிக்கவில்லை.

ஜனவரி 22
மைனஸ் முப்பத்தெட்டு. காற்றே இல்லை. பகல் பதினொரு மணி. விரிசல்களுக்கு இடையே இப்போது இருபது மீட்டர். இருபதில் பாதி பத்து. அந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அதன் மேல் கால் அகட்டி நின்றேன். ஏன் நின்றேன்? என் கணக்கு பொய்யாக வேண்டும் என்றுதான், வேறென்ன.
துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். கால் துள்ளியது. குனிந்து பார்த்தால் — கோட்டின் மேலேயே. என் இரண்டு பாதங்களுக்கு நடுவே. அடுத்து, இருபது மீட்டர் தள்ளி... ஐயோ, ஒன்றன்பின் ஒன்றாகச் சாலை நெடுக, யாரோ நடந்து போகிற மாதிரி! கருங்கல் தொடங்கும் இடத்தில் சட்டென்று அமைதி.
"வண்டில ஏறும்மா!" ஸ்டெஃப்கோ கத்தினார். "நிக்காத, ஏறு!"

ஜனவரி 23
அறிக்கை அனுப்பிவிட்டேன். நான் போட்ட கையெழுத்து தவறு என்பதையும் எழுதினேன்.

பிப்ரவரி 16
லௌகா போனை எடுப்பதில்லை.

ஜூன் 3
கிழக்கிலிருந்து கருங்கல் ஜல்லி, முதல் லோடு. ஓட்டி வந்தது வால்டி. குவாரியை மூடிய பிறகு கிடைத்த வேலையாம், ஸ்டெஃப்கோ சொன்னார். வால்டி லாரியின் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.
"எங்க கொட்டணும்னு சொல்லுங்க."
சொல்லுங்க. பதினாறு வருடத்தில் என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.
கை காட்டினேன். கொட்டிவிட்டுப் போனான்.