அச்சில் விடாத நுனி

ஐப்பசி 3, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். ரேஷன் மண்ணெண்ணெய் வாங்கவில்லை, கியூ பெரிது.
முதலாளி தறிக்கொட்டகைக்கு வந்தார். பெங்களூரிலிருந்து பட்டு நூல் வரவில்லையாம். "கையில இருக்கற பாவு முடிஞ்சதும் நின்னுக்கோங்கபா. நூல் வந்தா ஆளு அனுப்பறேன்." இந்த வருஷத்தில் வேலை நிற்பது இது மூன்றாவது தடவை. ஏழுமலை, முனுசாமி, சின்னப்பன், நான், நாலு பேரும் மறுபடி தறியில் உட்கார்ந்தோம்.

ஐப்பசி 6
தறியில் நீளவாட்டில் ஏற்றியிருந்த நூல், என் பாவு, முடிந்தது. கடைசி முழத்தை நெய்யாமல், இழைகள் கோத்த சீப்பு மாதிரியான அச்சிலேயே விட்டுவைப்பதுதான் வழக்கம். அடுத்த பாவு வந்தால் அந்த நுனியோடு இழை இழையாக முறுக்கிச் சேர்த்துவிடலாம். நுனி இல்லையென்றால் அத்தனை இழையையும் புதிதாகக் கோக்க வேண்டும், பெரும் ரோதனை.
முதல் தடவை நிறுத்தினபோது நுனியை விட்டுவிட்டு, தினமும் போய்த் தூசி தட்டினேன். இரண்டாம் தடவை எப்போதாவது போனேன். இன்று கத்திரியை எடுத்து நறுக்கிவிட்டேன். ஆத்திரம்.

ஐப்பசி 7
என் பெண்சாதி மங்கா திட்டினாள். "இன்னாத்துக்குய்யா வெட்டின? தறி உன்னுதா? வேற ஆள உக்கார வச்சிட்டா இன்னா பண்ணுவ?"
பயமாகத்தான் இருக்கிறது. பதினோரு வருஷம் கால் விட்டு உட்கார்ந்த தறிக்குழி. சோறு இறங்கவில்லை. பல்வலி வேறு.

ஐப்பசி 15
சும்மா இருக்கிறேன். வாலாஜாபாத் அரிசி மில்லில் ஆள் எடுக்கிறார்களாம். விசாரித்துவிட்டு வந்தேன். மங்காவிடம் சொல்லவில்லை.

ஐப்பசி 22
வெயில். முதலாளி ஆள் அனுப்பினார், நூல் வந்துவிட்டது. போனேன்.
ஏழுமலை தறியிலும் நுனி இல்லை. முனுசாமி தறியிலும் இல்லை. சின்னப்பன் தறியிலும் இல்லை. நாலு அச்சும் மொட்டை!
முதலாளி நூல் கட்டோடு நின்றார். "நாலு பேரும் பேசி வச்சிக்கினு செஞ்சீங்களா?"
"இல்லீங்க" என்றான் ஏழுமலை. உண்மைதான். ஒருவர் முகத்தை ஒருவர் அப்போதுதான் பார்த்துக்கொண்டோம்.
முதலாளிக்குக் கோபம் வரவில்லை, முகம் தொங்கிவிட்டது. "இனிமே நிறுத்த மாட்டேன்பா. சாமி சத்தியமா."
முன்பெல்லாம் இதற்கு "சரிங்க முதலாளி" என்று நான்தான் முதலில் சொல்வேன். இன்று கேட்டேன்.
"சத்தியம்லாம் வேணாங்க. எத்தினி பாவுக்கு நூல் இருக்குது?"
"ஆளுக்கு ரெண்டு."
"அப்ப ரெண்டு பாவு நெய்யறோம்" என்றேன்.