சாப்பிடும்போது ஆரம்பிச்ச சண்டை

என்னாங்க,

எழுப்ப மனசு வரல, வேலைக்கு ட்ரெயின் புடிக்கக் கெளம்பிட்டேன். ஹாட்பாக்ஸ்ல கஞ்சி கீது, ஃபிளாஸ்க்ல சீரகத் தண்ணி. நல்லா பசிச்சப்புறம் குடிங்க.

"மருந்து மட்டும் பத்தாது, நிம்மதியா உக்காந்து சாப்பிட்டாத்தான் செரிக்கும்"னு ஆயுர்வேத டாக்டர் என்னையும் பாத்துதான் சொன்னாரு. நேத்து நீங்க தட்டுல கைய வச்சதுமே, உங்க அண்ணன் நம்ம வூட்டுல வந்து தங்கக் கூடாதுன்னு நான்தான் ஆரம்பிச்சேன். பாதியில எழுந்துட்டீங்க. அப்புறம் வயித்தப் புடிச்சிக்கினு சுருண்டு படுத்தீங்களே, அது என்னாலதான்.

கடப்பாக்கத்துல உங்க அண்ணனுக்கு இப்பதான் போன் பண்ணேன். மதியம் வர்றாரு. துணியெல்லாம் எடுத்துக்கினு வரச் சொல்லிட்டேன்.

சங்கவி

அண்ணன் மீன் கொண்டாந்தா ஃப்ரிட்ஜ்ல வைங்க, உங்களுக்கு இன்னைக்கு வேணாம்.

நேத்து நானும் சாப்பிடல. சாயங்காலம் மூணு பேரும் ஒண்ணா உக்காரலாம்.