எண்ணாகச் சொன்ன பதில்கள்

அன்புள்ள ஆய்வு மேடத்துக்கு,

நலம் விசாரிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

போன மாதம் என் தையல் கடையின் பின்னறையில் பதினான்கு வயதுப் பெண்ணோடு பேசினீர்களே, அவளுடைய அம்மா நான். வளரும் பிள்ளைகள் அடி, வசவு, வேண்டாத தொடுதல் எதையாவது அனுபவித்திருக்கிறார்களா என்று கணக்கெடுப்பதாகச் சொன்னீர்கள். என் வீட்டில் அதெல்லாம் கிடையாது, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நான்தான் பெருமையாகக் கதவைச் சாத்தினேன்.

சாத்தியவள் மிஷினுக்குப் போயிருக்கலாம். போகவில்லை, காதைக் கதவில் வைத்தேன். நீங்கள் கேட்டது ஒன்றுகூட வெளியே வரவில்லை. அவளும் எண்களை மட்டும்தான் சொன்னாள். "ஒண்ணு. ஒண்ணு. நாலு." அப்புறம் அழுகையோடு இன்னொரு "நாலு". ஒன்று என்றால் ஒருபோதும் இல்லை, நான்கு என்றால் பலமுறை என்று ஆரம்பத்தில் எனக்கும் விளக்கியிருந்தீர்கள். எந்தக் கேள்விக்கு நாலு என்று உங்களுக்குத் தெரியும், பெற்றவளுக்குத் தெரியாது.

வாசலில் உங்களைக் குடைந்தெடுத்தேன். "பதில் அவளோடது அக்கா. உதவி வேணும்னு அவளே கேட்டிருக்கா. தனியா மட்டும் எங்கயும் விடாதீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டீர்கள்.

இப்போது வாரம் தவறாமல் உங்களோடு போனில் பேசுகிறாள். ஒருநாள் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. சமைத்துப் போடுவது நான், துவைத்துப் போடுவது நான், சிரிப்பு மட்டும் உங்களுக்கா? அன்று கோபத்தில் யாருடைய சட்டைக்கோ கையை மாற்றித் தைத்துவிட்டேன்.

ஒரு வருஷமாகவே "தொளதொளன்னு தைம்மா" என்பாள். இப்போதைய ஃபேஷன் போலிருக்கிறது என்று இரண்டு பக்கமும் தாராளமாக விட்டுத் தைத்தேன். கழுத்தை ஏற்றச் சொன்னாள், ஏற்றினேன். வந்தவர்களிடமெல்லாம் என் மகளின் ரசனை என்று காட்டிப் பீற்றிக்கொண்டேன். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்கு இது ஏன் உறைக்கவில்லை என்று என்னையே திட்டிக்கொள்கிறேன்.

முந்தாநாள் என் அண்ணன் வருவதாகப் போன் செய்தான். அவள் காதில் விழுந்துவிட்டது. "மாமா வந்தா நான் வீட்ல இருக்க மாட்டேன்" என்றாள். இனி இந்த வாசலை மிதிக்காதே என்று அண்ணனிடம் சொல்லிப் போனை வைத்தேன். பிறகு அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். என்ன செய்தான், எப்போது, என்னிடம் ஏன் மறைத்தாய் என்று கத்தினேன். அவள் என் கையை விலக்கிவிட்டு, "இதுக்குத்தாம்மா சொல்லல. அந்த அக்கா மாதிரி உனக்குக் கேக்கத் தெரியல" என்றாள்.

அவள் என்ன சொன்னாள் என்று உங்களிடம் கேட்க மாட்டேன். அவள் சொல்லும் வரை காத்திருக்கிறேன். முதல் கேள்வியை எப்படிக் கேட்டீர்கள், அவள் அழுதபோது பக்கத்தில் போனீர்களா, எட்டவே இருந்தீர்களா, அதை மட்டும் எழுதுங்கள். நீங்கள் நல்லா இருக்கணும் தாயி. எனக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

இப்படிக்கு,
அவளுடைய அம்மா