ஜெனரேட்டர் இழுக்க ஒரு வண்டி

ஆகஸ்ட் 3, ஞாயிறு
பூசை முடிந்து வந்ததிலிருந்து டீசல் பிக்கப் பேச்சுதான். மாதா தேருக்குப் பின்னாலேயே போய் விளக்கெரிக்கும் எங்கள் நான்சி சவுண்டு சர்வீஸ் ஜெனரேட்டர் டிரெய்லரைப் பத்து வருடமாகத் தனகோடியின் வாடகை டிராக்டர்தான் இழுக்கிறது. என் வீட்டுக்காரர் கிறிஸ்டோபருக்கு இப்போது அது கௌரவக் குறைச்சலாம். "சொந்தமா வண்டி இல்லாம இன்னா நான்சி சவுண்டு சர்வீஸு?" தேர்த் திருவிழாவுக்குள் வாங்கியே தீர வேண்டுமாம்.

ஆகஸ்ட் 6
கொழுந்தன் ஆல்பின் சைக்கிளில் வந்து, எந்த பிக்கப் எத்தனை டன் இழுக்கும் என்று இரண்டு மணி நேரம் பேசினான்.

ஆகஸ்ட் 10
கண்ணமங்கலம் சாலையில் ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தோம். டிரெய்லர் இல்லாமல்! "நூத்திப் பத்துல போவுது பாரு, அலுங்காம!" என்று இவருக்கு ஒரே பூரிப்பு. ஜெனரேட்டரை நூற்றுப் பத்தில் எங்கே கொண்டுபோகப் போகிறார்? தேர் வீட்டுக்கு வீடு நிற்கும். மாலை, மெழுகுவத்தி, உப்பு மிளகு எல்லாம் வாங்கிக்கொண்டு ஒரு தெருவைத் தாண்ட அரை மணி ஆகும். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "எவ்ளோ மெதுவா போவும்?" விற்பவர் சிரித்தார். ஆல்பின் சிரித்தான். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தாரே, அதுதான் எரிகிறது.

ஆகஸ்ட் 14
வாங்கியாயிற்று. வெள்ளை. போட்டோவில் எடுப்பாக இருக்குமாம். ஊர் முழுக்க இவருடைய நூற்றுப் பத்துப் பேச்சுதான்.

ஆகஸ்ட் 29
கொடியேற்றம். தனகோடியிடம் இந்த வருடம் வரவேண்டாம் என்று இவர் போனிலேயே சொல்லிவிட்டார். நேரில் போய்ச் சொன்னால் என்ன? எனக்கு வெட்கமாக இருந்தது. ஃபாதர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "நடுவுல ஏதாச்சும் நின்னுச்சுன்னா அடுத்த வருஷம் வேற ஆளுதான், கிறிஸ்டோபர்" என்றார்.

செப்டம்பர் 7
தேர் நாள். மூன்றாவது தெருவிலேயே கருகல் நாற்றம். ஒன்றரை மணி நேரம் கிளட்சைப் பாதி மிதித்தபடியே ஓட்டினால் வராதா? பிறகு புகை. சாம்பிராணி என்று நினைத்து இரண்டு பேர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். வண்டி நின்றுவிட்டது. தேருக்குப் போகும் ஒயர் நாற்பது அடிதான் — அதனால் தேரும் நின்றது. ஃபாதர் திரும்பிப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு! நானே தனகோடிக்குப் போன் போட்டேன். எந்த முகத்தோடு பேசினேனோ.

பத்து நிமிடத்தில் வந்தார் அந்த மனிதர். டிரெய்லரைக் கழற்றித் தன் டிராக்டரில் மாட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னா கிறிஸ்டோபரு, நூத்திப் பத்துல வந்துகினு இருந்தியா?" தெருவே சிரித்தது. நானும்தான்.

செப்டம்பர் 9
இவர் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஆல்பின் போனை எடுக்கவில்லை.

அக்டோபர் 5
அடுத்த வருடமும் எங்கள் ஜெனரேட்டர்தான் என்று ஃபாதர் சொல்லிவிட்டார் — தனகோடி இழுப்பதாக இருந்தால். இவருக்குப் பொறுக்குமா? பிக்கப்பை வந்த விலைக்கு விற்றுவிட்டு, போளூரில் ஒரு பழைய டிராக்டர் பார்க்க என்னையும் கூட்டிப்போனார். விற்பவர் அதன் வேகத்தைப் பற்றி அளந்துகொண்டே இருந்தார். இவர் டயரைப் பார்த்தபடி கேட்டார்: "எவ்ளோ மெதுவா போவும்?"

அந்த ஆள் சிரித்தார்.

"இன்னாத்துக்குச் சிரிக்கிறீங்க?" என்றார் இவர், கோபமாக.