மேலே உருகியது

ஜனவரி 8
குளிர் விட்டபாடில்லை. பதின்மூன்று டிகிரியிலேயே உறையும் அமிலம்; கிடங்கில் பீப்பாய்கள் எல்லாம் உறைந்து கிடக்கின்றன. காலையிலேயே, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஆய்வக வாசலில் வந்து நின்றுவிட்டான். "மகாராணி கையெழுத்துப் போட்டாத்தான் என் பீப்பாய் நகரும்."

பெயிண்டுக்கான இந்த அமிலத்தைச் சும்மா விட்டால் தன்னோடு தானே சேர்ந்து இறுகும், சூடேறும், வெடிக்கும். அதை இழுத்துப் பிடித்து வைத்திருப்பது, அதில் கலந்திருக்கும் ஒரு சிட்டிகை தடுப்பான். அது இருக்கிறதா என்று பார்ப்பதுதான் பதினோரு வருடமாக என் பிழைப்பு.

ஜனவரி 9
சூட்டறையில் ஒரு பீப்பாய் பாதிதான் உருகியிருந்தது. முழுக்க உருக்கி, உருட்டிக் கலக்கி, அப்புறம்தான் மாதிரி எடுக்க வேண்டும். உற்பத்திப் பிரிவிலிருந்து ஒரே நச்சரிப்பு. மேலே உருகியதிலேயே எடுத்தேன். தடுப்பான் வழக்கத்தைவிடக் கூடவே இருந்தது.

"அடியில இன்னும் கட்டியா இருக்கே, பரவால்லயா?" என்றான் அண்ணன்.

"சரின்னு எழுதிக் குடுத்திருக்கேன்ல? உருகினதை ஊத்திக்கோ, மிச்சம் அங்கயே இருக்கட்டும்."

எனக்குப் பசி.

ஜனவரி 10
வெடிச்சிடுச்சு. அந்தப் பீப்பாய்தான்.

மூடி உப்பினதைப் பாத்துட்டு அண்ணன் எல்லாரையும் வெளிய துரத்தியிருக்கான். கடைசியா வந்தது அவன்தான். வலது கை, கழுத்தெல்லாம் வெந்து— என்னால எழுத முடியல.

தடுப்பான் இருந்துச்சே. நான்தானே பாத்தேன். எப்படி?

ஜனவரி 12
உயிருக்கு ஆபத்தில்லையாம். விரல்களைப் பற்றிக் கேட்டால் டாக்டர், "பார்க்கலாம்" என்கிறார்.

பாதி உருகிய இன்னொரு பீப்பாயின் அடியிலிருந்து ஒரு கட்டியைத் தோண்டி எடுத்தேன். உருக்கிப் பார்த்தேன். மூன்று தடவை. தடுப்பான் இல்லை என்றே சொல்லலாம். உறையும்போது அமிலம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. அத்தனையும் உருகியதில்தான் நிற்கிறது. கல்லூரியில் படித்திருக்கிறேன். பரீட்சைக்கு.

உருகியதை ஊற்றியபோது காவலையும் சேர்த்தே ஊற்றிவிட்டோம். அடியில் மிஞ்சியது சூட்டறையில் காவலின்றி உருகிச் சூடேறியிருக்கிறது.

ஊற்றச் சொன்னது நான்.

ஜனவரி 18
விசாரணை. நான் 'சரி' என்று எழுதிக் கொடுத்த காகிதத்தை மேசையில் வைத்து, "ஆய்வகம் பக்கம் தப்பே இல்லை" என்றார் மேலாளர். அண்ணன் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டானாம். ஆஸ்பத்திரியிலேயே அவனிடம் எழுதி வாங்கியிருக்கிறார்கள். 'கட்டி இருந்ததைத் தங்கையிடம் சொல்லவில்லை.' கீழே இடது கையால் கிறுக்கிய கையெழுத்து.

நேரே அவனிடம் ஓடினேன்.

"நம்மள்ல ஒருத்தராவது வேலையில இருக்கணும். வாயை மூடிட்டு இரு" என்றான்.

ஜனவரி 19
மேலாளரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 2
எனக்கு வேலை போயிற்று. அவன் பேரில் இருந்த பழி நீங்கியது. இரண்டு விரல் மடங்காது. என்னோடு பேசுவதில்லை, அண்ணிதான் போன் செய்கிறாள்.

பெரிய தியாகின்னு நெனப்பு அவனுக்கு. எனக்கு மட்டும் ரோஷம் கிடையாதா?

மார்ச் 11
அண்ணன் இன்று வேலைக்குத் திரும்பினான். மதியம் போன். அவன் குரல்! கை சோற்றை அப்படியே வைத்துவிட்டேன்.

"உன் இடத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்கா."

"ம்."

"மாதிரி பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட வந்து, 'அடியில கட்டி இருக்கா, அண்ணா?'ன்னு கேக்குறா."

"நீ என்ன சொன்னே?"

"இருக்குன்னேன். மாதிரி எடுக்காமலே திரும்பிப் போயிட்டா."

இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.