குளிரை வென்றதாக நான் முழங்கிய பட்டு

பிள்ளையார்பாளையத்துப் பெருமக்களே! படிப்பகத்துத் தோழர்களே! இலண்டன் குளிரில் மாண்டுபோன என் தங்கைக்குக் கடிதம் எழுதுகிறேன், நீங்களும் படியுங்கள். அவளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையில் என் நாவுக்கும் பங்கு உண்டு. உங்கள் கைதட்டலுக்கும் பங்கு உண்டு.

என் கண்ணே, பூங்கோதை!

செவிலியர் வேலைக்குப் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் நீ எழுதிய முதல் கடிதம் இன்னும் என் சட்டைப்பையில் இருக்கிறது. "அண்ணா, ரூம் சுவத்துல கேஸ் அடுப்பு மாதிரி ஒண்ணு இருக்குது. அதை எரிய விட்டாதான் குளிர் அடங்குமாம். எப்படிப் பத்த வைக்கிறதுன்னு தெரியல. கேட்டா சிரிப்பாங்களோன்னு கூச்சமா இருக்குது. அம்மா குடுத்த பட்டுப்புடவைய ஸ்வெட்டர் மேல சுத்திக்கினு படுக்கிறேன். அப்பவும் பல்லு தந்தியடிக்குது. நாலு மணிக்கே இருட்டிடுது. பேச ஆளில்ல."

வெளிநாட்டுக் கடிதம் வந்தால் படிப்பகத்தில் உரக்கப் படிப்பது நம் தெரு வழக்கம். படித்தேன். "தூங்கறதுக்கே பட்டா? நம்ம பூங்கோதை ராணி ஆயிட்டாபா!" என்றார் எதிர்வீட்டுத் தறிக்காரர் ஏகாம்பரம். "அந்த ஊர் ராணிக்கும் ஒரு புடவை ஆர்டர் வாங்கச் சொல்லுண்ணே!" என்றது இன்னொரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிறு பொதுக்கூட்டம். "வெள்ளையர் நாட்டுக் குளிரையே வென்றது காஞ்சிப் பட்டு! என் தங்கையே அதற்குச் சான்று!" என்று முழங்கினேன். கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆயிற்று. பெருமைப்படுவாய் என்று, நடந்ததை ஒரு வரி விடாமல் உனக்கு எழுதியும் அனுப்பினேன்.

அதன்பின் உன் கடிதங்களில் குளிரே இல்லை. "நலம் அண்ணா. புடவையே போதுமா இருக்குது. தெருவுல எல்லாருக்கும் சொல்லுங்க." நான்கு கடிதங்களிலும் இதே சொற்கள். ஊரே கைதட்டிய சொல்லைப் பொய்யாக்க உனக்கு மனம் வரவில்லையா, கண்ணே?

பக்கத்து அறைக்குக் குடிவந்த நாகர்கோயில் பெண் மேரி எழுதியிருக்கிறாள். ஒரு மாதம் கழித்து அவள் வந்துதான் உன் அறைச் சுவரில் இருந்த அந்தக் கேஸ் கணப்பைப் பற்றவைத்தாளாம். ஒரே ஒரு தீக்குச்சி! அதற்குள் உன் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இருமிக்கொண்டே வேலைக்குப் போனாயாம். வீட்டுக்கு எழுதுகிறேன் என்றவளை நீ தடுத்தாயாம்: "வேணாம் மேரி. எங்கண்ணா மேடையில பேசிட்டாரு."

நெஞ்சுச் சளி முற்றி நீ போய்விட்டாய்; உன் பெட்டி மட்டும் வந்து சேர்ந்தது. புடவையில் நீ நெஞ்சில் தடவிய தைல மணம் இன்னும் போகவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கேட்கிறாள்: "ஒரு வார்த்தை எழுதியிருந்தா கம்பளி அனுப்பியிருப்போமேடா?" நீ எழுதிய அந்த வார்த்தை என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.

நேற்று ஏகாம்பரம் ஒரு வானஞ்சல் கடிதத்தோடு நம் வீட்டுக்கு வந்தார். அவர் மகன் செர்மனி போய் இரண்டு வாரம்தான் ஆகிறது. "முதல் கடுதாசிபா. படிப்பகத்துல படி, எல்லாரும் கேக்கட்டும்." நான் பிரிக்காமலே அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன். "வீட்டில் போய் நீங்களே படியுங்கள். அவன் எழுதாமல் விட்டதையும் கேட்டு எழுதுங்கள்." "இன்னாபா இது, புதுசா?" என்றவர், அம்மா மடியில் இருந்த புடவையைக் கண்டார். கடிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டு தெருவைக் கடந்து போனார்.

பூங்கோதை, உனக்கு வாக்களிக்கிறேன். இனி எவர் வீட்டுத் துயரத்தையும் என் முழக்கத்துக்கு விறகாக்கமாட்டேன்.

பெருமக்களே! இந்தத் தாளைக் கீழே வையுங்கள். கடல் கடந்துபோன உங்கள் பிள்ளைக்கு இப்போதே எழுதுங்கள். ஊர்ப்பெருமை ஒரு வரியும் வேண்டாம். "குளிருதா? கணப்பு எரியுதா? யார்கிட்ட பேசுற?" என்று கேளுங்கள். வரும் மறுமொழியைக் கதவைச் சாத்திக்கொண்டு படியுங்கள். எழுந்திருங்கள், எழுதுங்கள்!

உன்னைக் கேட்காமல் ஊருக்குப் பேசிய,
உன் அண்ணன்