டைல்ஸ்காரர் சொன்ன நிறம்

கொச்சி கொச்சங்காடியில் வாடகைக்கு விடுவதற்காக வாங்கிய பழைய வீட்டை, காண்டிராக்டர் இல்லாமல் மகாவே ஆள் வைத்துப் புதுப்பித்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரமாக அவள் வாயில் டைல்ஸ்காரர் ஜோஷியின் பேச்சுதான். நேற்று, குளியலறைக்கு என்ன நிறம் என்று அவள் கணவன் இசக்கிராஜா கேட்டான்.

"ஜோஷி சேட்டன் பச்சைதான் நல்லதுன்னாரு. சரின்னுட்டேன்."

"அப்போ அவனையே கட்டிக்கிட வேண்டியதுதான?" என்று சொல்லிவிட்டான். அதோடு அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

காலையில் அவள் குளிக்கப் போனதும், தோப்பும்படியில் இருக்கும் தன் கடைக்குக் கிளம்புமுன் சிமெண்ட் பில்லின் பின்புறம் எழுதினான்:

"மகா, மீன்குழம்பைச் சுட வச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுப் போ. பிளம்பர் பத்து மணிக்கு வாரான். மாடிச் சாவி ஆணியில தொங்குது. ஜோஷிக்குக் கொண்டுபோற சாயாவுல இஞ்சி தட்டிப் போடுதியே, எனக்கு என்னைக்காவது போட்டிருக்கியா?"

கடைசி வரியை அடித்துவிடலாமா என்று யோசித்தான். மனசு வரவில்லை. செருப்பை மாட்டியவன் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நெருக்கி எழுதினான்:

"நேத்துச் சொன்னது தப்புதான். ஆனா வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல. மத்தியானம் கடையை அடைச்சிட்டு அங்க வாரேன். எல்லாருக்கும் வேலை சொல்லுதல்லா, எனக்கும் ஒண்ணு சொல்லு."